ஹவியேர் என்று அச்சான சேவியர்

சேவியர் அண்ணன் இறந்த செய்தி எனக்கு அச்சு வேலையாகத்தான் வந்தது. மன்னார்குடியில் என் அச்சகத்தில் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்துறைப்பூண்டி பேண்டு செட்டில் டிரம் அடிக்கும் செல்வம் உள்ளே வந்து, செல்போனை மேஜைமேல் வைத்தார்.

"ஃபிளெக்ஸ் ஒன்னு அடிக்கணுங்க. சாயங்காலம் எடுக்குறாங்க. அதுக்குள்ள கட்டணும்."

போனில் சேவியர் அண்ணனின் படம். வெள்ளை யூனிஃபார்ம், தோளில் சிவப்புப் பட்டை, கக்கத்தில் டிரம்பெட். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வாசிக்கப் போன இடத்தில் எடுத்ததாக இருக்கும். ஏதோ விழா விளம்பரம் என்றுதான் முதலில் நினைத்தேன். 'எடுக்குறாங்க' என்ற சொல் காதில் விழுந்தும் உள்ளே போகச் சற்று நேரம் பிடித்தது.

"உங்களுக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார் செல்வம். "விடியக்காலம் போயிட்டாருங்க. நுரையீரல்தான். கூட்டாளி அச்சாபீஸ் இருக்கையில வேற எடத்துல எதுக்கு அடிக்கிறதுன்னு அவரு வீட்டு லூர்து அக்காதான் இங்க அனுப்புனாங்க."

கூட்டாளி. அந்தச் சொல்லுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார எனக்கு யோக்கியதை இல்லை. அவர் ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது போனில் பேசினேன். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மறுபடி பேசினேன். "இந்த முகூர்த்தம் முடியட்டும் அண்ணே, வந்துர்றேன்" என்றேன். முகூர்த்தங்கள் வந்துகொண்டே இருந்தன.

பேருக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டேன். "டிரம்பெட் கலைஞர்னு போடுங்க, போதும்" என்றார் செல்வம். இன்னொரு வரி சேர்க்கலாமா என்று என் கை விசைப்பலகை மேலேயே நின்றது. சேர்க்கவில்லை. அந்த வரியைத்தான் இப்போது இங்கே எழுதுகிறேன்.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டுச் சாவிலோ, உங்கள் தெருத் தேர்பவனியிலோ முன்னால் நடந்து வாசித்துப் போயிருப்பார். ஆனால் மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு ராக் குழு ஸ்டுடியோவில் பதிவு செய்து வெளியிட்ட ஓர் ஆல்பத்தில் அவருடைய டிரம்பெட் ஒலிக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் அந்த ஆல்பத்தைக் கொண்டாடுகிறார்கள். ஒரு தலைமுறையே அதைக் கேட்டு வளர்ந்தது என்று எழுதுகிறார்கள். குழுவின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை. "அந்தப் பொண்ணோட செட்டு" என்பார். அவருக்கு அதுவும் ஒரு செட்டுதான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்பது நிச்சயமில்லாமல் போய், குறுவை போடலாமா வேண்டாமா என்று அப்பா வருஷாவருஷம் யோசித்துக்கொண்டிருந்த காலம். கூத்தாநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தார்கள். அதைப் பார்த்து எங்கள் பக்கத்து விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகளும் பாஸ்போர்ட் எடுக்க ஆரம்பித்தோம். எனக்குக் கிடைத்தது சொகுசுக் கப்பல் ஒன்றில் சலவைப் பிரிவு வேலை. சென்னையில் ஏஜென்ட் ஆபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சேவியர் அண்ணன். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். கையில் டிரம்பெட் பெட்டி.

"துணி தொவைக்கப் போற ஆளுக்கு இது எதுக்குய்யா?" என்று ஏஜென்ட் கேட்டார்.

"அது பாட்டுக்குப் பொட்டியில இருக்கும்ங்க" என்றார் அண்ணன்.

அது பெட்டியில் இருக்கவில்லை. கப்பலின் அடிவயிற்றில், கடல்மட்டத்துக்கும் கீழே இருந்தது எங்கள் சலவைக்கூடம். துணி உலர்த்தும் இயந்திரங்கள் இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் அண்ணன் அவற்றுக்கு நடுவே போய் நின்று வாசிப்பார். "இந்தச் சத்தத்துல நான் வாசிக்கிறது எனக்கே சரியா கேக்காது. அதுவும் நல்லதுதான் தம்பி, தப்பு தெரியாது" என்பார். அவருக்குக் கேட்காதது வேறொருவருக்குக் கேட்டுவிட்டது. எக்தோர் என்று ஒரு சமையல்காரர், ஹோண்டுராஸ் நாட்டுக்காரர், சமையலறை மேல்துணிகளை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். ஒருநாள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து கேட்டார். அவருடைய அத்தை மகன் அந்த மெக்சிகோ குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். குழு அப்போது ஃபுளோரிடாவில், எங்கள் கப்பல் வாராவாரம் வந்து கட்டும் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஸ்டுடியோ எடுத்து ஆல்பம் பதிந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் எஞ்சின் கோளாறால் கப்பல் இரண்டு நாள் பயணிகள் இல்லாமல் கரையில் நின்றது. எக்தோர் எங்கள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போனார். பழைய கிடங்கு ஒன்றின் பின்பக்கம் அந்த ஸ்டுடியோ. குழுவின் பாடகி மரீசாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். அவளுடைய தம்பி வேலை தேடி எல்லை தாண்டிப் போனவன், அவனைப் பற்றிய பாட்டு என்று எக்தோர் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பையன் இருக்கானா, இல்லையான்னு கேளுங்க தம்பி" என்றார்.

"அண்ணே, அதை எப்படிக் கேக்குறது?"

"கேக்காம எப்படி வாசிக்கிறது? இருக்கான்னா ஒரு மாதிரி, இல்லேன்னா ஒரு மாதிரி."

கேட்டேன். எக்தோர் தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டார். அந்தப் பெண் ஒரே சொல்லில் பதில் சொன்னாள். தெரியாது.

"அப்ப நடுவுல வாசிச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கண்ணாடி அறைக்குள் போனார்.

அவர் அன்று வாசித்ததை நான் எப்படி விவரிப்பது என்று தெரியவில்லை. தொடக்கம் எனக்குத் தெரிந்த தொடக்கம்தான். தெருமுனையில் பேண்டு திரும்பும்போது சாவு வீட்டுப் பெண்கள் எழுந்து நிற்பார்களே, அந்த இடம். அழுகை வர வேண்டிய அடுத்த அடியில் அவர் போகவில்லை. வேறு பக்கம் திரும்பி, யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவது போல ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார். மரீசா அதைத் திரும்ப வாசிக்கச் சொல்லவில்லை. மறுநாள் இன்னொரு பாட்டு, வேகமானது. அதற்கு மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வாசிப்பது போல வாசித்தார். அறையில் எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

கிளம்பும்போது மரீசா அவருடைய பெயரைக் கேட்டு, "ஹவியேர்" என்று திருப்பிச் சொன்னாள். அவர்கள் மொழியில் சேவியர் அப்படித்தான். மிச்சப் பாட்டுகளுக்கும் வாசிக்க வேண்டும், கப்பல் கரைக்கு வரும் ஒவ்வொரு வாரமும் வா என்றாள். ஆல்பம் முடிந்ததும் ஊர் ஊராகப் போகிறோம், கப்பலை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிடு என்றும் சொன்னாள். அண்ணன் என்னைப் பார்த்து, "பாப்போம்னு சொல்லுங்க" என்றார்.

துறைமுகத்துக்கு நடந்தே திரும்பினோம். பாதி வழியில் அவர் சொன்னார்: "நம்ம செட்டுல வாசிக்கிறப்ப முன்னாடி சாமி போவும், இல்லாட்டி பொணம் போவும். சனம் அதைத்தான் பாக்கும். நான் வாசிக்கிறதுக்குன்னே உக்காந்து கேட்டவங்க இவங்கதான் தம்பி, மொதல்ல."

பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறும் நாள்தான் சலவைக்கூடத்துக்குக் கடுமையான நாள். அத்தனை அறைகளின் படுக்கை விரிப்புகளும் ஒரே நேரத்தில் வந்து குவியும். "நீங்க போயிட்டு வாங்க அண்ணே, உங்க வேலையையும் சேத்து நான் பாத்துக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த முறை கரை சேர இன்னும் ஒருநாள் இருக்கும்போது, விரிப்புகளைத் தேய்க்கும் சூடான உருளைக்குள் என் வலது கை போய்விட்டது. துணி மடிந்திருந்தது, இழுத்துச் சரிசெய்யப் போனேன், அவ்வளவுதான். சிவப்பு பட்டனை அடித்து நிறுத்தியவர் சேவியர் அண்ணன். உள்ளங்கைத் தோல் துணியோடு வந்தது.

வேலைக்கு லாயக்கில்லை என்று கப்பல் டாக்டர் எழுதிவிட்டால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் ஒப்பந்தத்திலேயே திரும்பியவனை வேறு கப்பல் எடுக்காது. அங்கே அப்பா, அக்காவின் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருந்தார். எங்கள் மேலாளர் பிலிப்பைன்ஸ்காரர், கெட்ட மனிதர் இல்லை. அண்ணன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரிடம் போய் நின்றார். "ஹி சிட். ஐ டூ. டூ மேன் வொர்க், ஐ டூ." மேலாளர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துணி நேரத்துக்கு மேல்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், மற்றது எனக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

கப்பல் கரையில் கட்டியதும் எக்தோர் கீழே இறங்கி வந்து சலவைக்கூட வாசலில் நின்றார். அண்ணன் இரண்டு ஆள் வேலையில் இருந்தார். "நெக்ஸ்ட் வீக்" என்றார். அடுத்த வாரமும் எக்தோர் வந்தார். மறுபடி அதே பதில். அதற்கடுத்த முறை வந்தபோது, இனிமேல் ஸ்டுடியோவைப் பிடித்து வைத்திருக்க அவர்களால் முடியாது, இன்றைக்கு வந்தால்தான் உண்டு என்று சொன்னார். நான் கையில் கட்டோடு துண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன்.

"போயிட்டு வாங்க அண்ணே. ஒத்தக் கையால நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"ஒத்தக் கையால பெட்ஷீட்டு மடிக்க முடியுமா?" என்றார். கோபமில்லை, எரிச்சலில்லை. மெய்யாகவே கேட்பது போலத்தான் கேட்டார். பிறகு எக்தோரிடம், "ஃபினிஷ் பண்ணிக்கச் சொல்லு" என்று தமிழும் ஆங்கிலமுமாகச் சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தார்.

நான் இன்னொரு முறை சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு இருந்தது. அந்தப் பயத்தை அவர் பார்த்திருப்பார். என் கை ஆறி நான் வேலைக்குத் திரும்பியபோது கப்பல் அந்தத் துறைமுகத்தை விட்டு ஐரோப்பாப் பக்கம் கிளம்பியிருந்தது.

விபத்துக்கு யாரும் பொறுப்பில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்கும் தெரியும். தெரிந்தும், என் கையால்தான் அவர் வாசிப்பு பாதியில் நின்றது என்ற எண்ணம் என்னை விட்டதில்லை. அக்கா கல்யாணம் நடந்தது. ஒப்பந்தங்கள் முடிந்து நான் ஊர் திரும்பி அச்சகம் போட்டேன். அவரும் திரும்பி வந்து பழைய செட்டிலேயே சேர்ந்தார். ஒவ்வொரு நல்லதிலும் அவருடைய பங்கு என்ன ஆனது என்ற கேள்வி எனக்கு வந்துகொண்டே இருந்தது.

ஆல்பத்தின் சிடி ஒன்றை எக்தோர் யார் யார் கையிலோ மாற்றிக் கொடுத்து அண்ணனுக்குக் கிடைக்கச் செய்திருந்தார். அதைப் போட்டுக் கேட்க அவரிடம் கருவி இல்லை. மன்னார்குடியில் துபாயிலிருந்து திரும்பிய ஜமால் பாய் கேசட் கடை வைத்திருந்தார். வெயில் நேரம், கடையில் ஆள் இல்லை. அங்கே உட்கார்ந்துதான் மூன்று பேரும் முழு ஆல்பத்தையும் கேட்டோம். உறையின் உட்பக்கம் பொடி எழுத்தில் 'ஹவியேர், டிரம்பெட்' என்று மட்டும் இருந்தது. அண்ணன் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அவர் வாசித்த முதல் பாட்டு வந்தபோது ஜமால் பாய் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு, "இது யாருங்க, நம்மாளு மாதிரி இருக்கு" என்றார்.

"நம்மாளுதான் பாய்" என்றேன். அண்ணன் சிரித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அதற்கப்புறம் ஒரு பாட்டு. நடுவில் பாட்டும் டிரம்ஸும் நின்றுவிடுகின்றன. ஒரு கிட்டார் மட்டும் மெதுவாக, ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரோ வந்து சேர்வதற்காகக் காத்திருப்பது போல. யாரும் வரவில்லை. பாட்டு திரும்பவும் தொடங்கிவிடுகிறது.

"அண்ணே, அது உங்களுக்கு விட்ட எடமா?"

அவர் பாட்டு முடியும்வரை கேட்டார். "இல்ல தம்பி. அது அப்படி இருந்தாத்தான் நல்லா இருக்கு" என்றார்.

பின்னாளில் இணையம் வந்தது. என் மகள் அந்த ஆல்பத்தைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் தேடி எடுத்து மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினாள். நான் கேட்ட அந்தக் காலி இடத்தைப் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அந்த ஹவியேர் யார், எந்த ஊர்க்காரர் என்றும் கேட்டிருந்தார்கள். நாம் எழுதிச் சொல்லலாம் அண்ணே என்று போனேன். "என்னன்னு சொல்லுவீங்க? திருத்துறைப்பூண்டியில இருக்கேன்னா? அவங்களுக்கு அது எங்க தெரியும்" என்று பேச்சை மாற்றிவிட்டார். "நாளைக்கு முத்துப்பேட்டையில ஒரு அடக்கம், கிளாரினெட்காரன் வரல, அதைப் பாக்கணும்."

என் அப்பா இறந்தபோது வாசிக்க நான் யாரையும் அமர்த்தவில்லை. தெருமுனையில் டிரம்பெட் கேட்டது. சொல்லாமலேயே அண்ணன் செட்டோடு வந்துவிட்டார். யூனிஃபார்மில் வேர்வை ஊறியிருந்தது. வாசல் வந்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, என் அம்மா இருந்த பக்கம் திரும்பி நின்று வாசித்தார். என்னைப் பார்க்கவில்லை. அன்று நான் அப்பாவுக்காக அழுதது பாதி, வேறொன்றுக்காக அழுதது பாதி.

ஃபிளெக்ஸை அடித்துக் கொடுத்துவிட்டு நானும் செல்வத்தோடு வண்டியில் போனேன். பங்குக் கோயிலில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கினார்கள். நாகப்பட்டினத்திலிருந்து வந்த வேறொரு செட்டும் சேர்ந்து வாசித்தது. மண் போட்டேன். ஆறு மாதத்தில் ஒருமுறைகூட வராதவன், மண் போட மட்டும் வந்து நின்றேன் என்று இருந்தது. அந்த ஊரில் யாரும் என்னை அப்படிப் பார்க்கவில்லை. "மன்னார்குடி அச்சாபீஸ் அண்ணன், இவருகூட கப்பல்ல இருந்தவரு" என்று நாற்காலி போட்டார்கள்.

கூட்டம் கலைந்தபின் அவர் மனைவி லூர்து அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அழுது ஓய்ந்த முகம். நான் எதிரே உட்கார்ந்ததும், "கைய காட்டுங்க தம்பி" என்றார்கள். நீட்டினேன். உள்ளங்கையில் தோல் இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கும். பார்த்துவிட்டு விட்டார்கள்.

"அக்கா, நான் வந்திருக்கணும்" என்று ஆரம்பித்தேன்.

"அதை விடுங்க. ஒன்னு சொல்லச் சொன்னாரு. அந்தப் பொண்ணு செட்டோட வான்னு கூப்பிட்டப்ப அவருக்குப் பயமாப் போச்சாம். பாஷை தெரியாது, நோட்டு பாத்து வாசிக்கத் தெரியாது. எப்படி முடியாதுன்னு சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தாராம். அப்பதான் உங்க கை வெந்துச்சு. நல்ல வேளையாப் போச்சு, தம்பி கையைச் சாக்கு வெச்சுத் தப்பிச்சேன்னு சொன்னாரு."

இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்தது இறங்கியது போலவும் இருந்தது, இறங்கவில்லை போலவும் இருந்தது.

"இதை அவர் எப்பச் சொன்னாரு அக்கா? கப்பல்லேருந்து வந்தப்பவா?"

லூர்து அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பொய் சொல்ல வராத முகம் அவர்களுக்கு.

"போன வாரம் சொன்னாரு தம்பி. அதுக்கு முன்னாடி ஒரு நாளும் சொன்னதில்ல. தம்பி வந்தா நானே சொல்றேன், வர்றதுக்குள்ள நான் போயிட்டா நீ சொல்லிடுன்னாரு. மூச்சு வாங்க வாங்க ரெண்டு தடவ சொல்லிக் குடுத்தாரு, நான் மறந்துறக் கூடாதுன்னு."

காப்பி வந்தது, குடித்தேன்.

அவர் சொல்லி அனுப்பியது உண்மையா என்று எனக்குத் தெரியாது. பயந்திருக்கலாம். யாருக்குத்தான் பயம் வராது. ஆனால் துறைமுகத்துக்கு நடந்து வந்த அன்று அவர் முகத்தில் நான் பார்த்தது பயம் இல்லை. மூச்சு விடவே சிரமப்பட்ட ஒரு மனிதர், நான் போய்ப் பார்க்காத அந்த நாட்களில், படுக்கையில் கிடந்தபடி எனக்காக ஒரு வாக்கியத்தை யோசித்துத் தயார் செய்திருக்கிறார். அவருடைய ஆல்பம் இனி உலகத்துக்குச் சொந்தம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சேவியர் அண்ணனிடமிருந்து எனக்கென்று மட்டும் இருப்பது அந்த வாக்கியம். நான் அதை நம்பவில்லை. திருப்பிக் கொடுக்கவும் மாட்டேன்.